சைரன் அடித்தால் இறங்க வேண்டும்

சைரன் கேட்டால் வீட்டுக்குள் நிற்கக் கூடாது என்று எங்கள் லயத்து ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். மூன்று வருடம் சொன்னேன். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். உயர்தரம் வரை படித்தவள், சிங்களமும் தெரியும் என்பதால் மண்சரிவுப் பயிற்சிக்கு என்னைப் பதுளைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் பயிற்சி. முடிவில் ஒரு சான்றிதழும் விசிலும் செம்மஞ்சள் நிறப் பையும் தந்தார்கள். லயத்துப் பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி அந்தப் பைக்குள் வைத்தேன்.

பிறகு பயிற்சி கொடுத்த அதிகாரியே தோட்டத்துக்கு வந்தார். மேலே பசறை ரோடு, அதற்குக் கீழே வரிசை வீடுகளாக எங்கள் லயங்கள், இன்னும் கீழே ஆறு. எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டு ஆற்றோரத்துக் கிரவுண்டைக் காட்டினார். மலை இறங்கினாலும் நடுவில் நிற்கும் பாறை மண்ணைத் திருப்பிவிடும், அந்தப் பள்ளத்துக்கு வராது என்றார். நான் குறித்துக்கொண்டேன்.

குறித்ததை அப்படியே சொல்லிக் கொடுத்தேன். ஃபெக்டரி சைரன் விடாமல் அடித்தால் மலை இறங்குகிறது. சாமான் எடுக்க நிற்காதீர்கள். கதவைப் பூட்டவும் நிற்காதீர்கள், திறந்தே விட்டுவிடுங்கள். தேடி வருகிறவர்களுக்கு உள்ளே ஆள் இல்லை என்று பார்த்ததும் தெரியும். கிரவுண்டுக்கு இறங்கி வரிசையாக நில்லுங்கள். நான் வந்து பெயர் கூப்பிடுவேன். கூப்பிட்டு முடியும்வரை ஒருவரும் கலையக் கூடாது.

முதல் தடவை சிரித்தார்கள். "காலையில கங்காணி பெரட்டு, சாயங்காலம் டீச்சர் பெரட்டா?" என்று கேட்டார்கள். பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரிப்பது. பெயர் கூப்பிடும் முன் கலைந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடைக்காது என்பது இங்கே பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் நான் சொன்ன எல்லாவற்றிலும் அவர்களுக்கு நன்றாகப் பிடிபட்டது அந்த ஒன்றுதான். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அது நடந்த வாரம் முழுக்க மழை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு உண்டு. மழை பிடித்தால் அவளுடைய நெஞ்சும் பிடித்துக்கொள்ளும். நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாமி, அவருடைய அம்மா, ஆற்றோரத்து மலையில் கொழுந்துக்குப் போயிருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை விட்டது. மகளுக்கு இழுப்புக்கான பம்ப் அடித்து மடியில் சாய்த்து வைத்திருந்தேன். சைரன் அடித்தது.

எத்தனையோ நாள் எதிர்பார்த்த சத்தம் என்பதால் நான் பதறவில்லை. பையைத் தோளில் போட்டேன். மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கினேன். வெளியே ஸ்தோப்புத் திண்ணையில் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா ரைஸ் குக்கரைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

"சாமான் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே அக்கா."

"இது சாமான் இல்ல டீச்சர், மகன் மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. வாங்க, வாங்க, சீக்கிரம்!"

அவருடைய கதவை அகலத் திறந்து விட்டுவிட்டு இறங்கி ஓடினார். நான் சொல்லிக் கொடுத்தபடி.

நானும் இரண்டு படி இறங்கியிருப்பேன். மேலே ரோட்டில் ஒரு முச்சக்கர வண்டியிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. சிங்களத்தில் பேசினார்கள். எல்லோரும் வீட்டுக்குள் போங்கள், கதவு ஜன்னல்களை மூடுங்கள், வெளியே வர வேண்டாம். இதையே இரண்டு தடவை சொல்லிவிட்டு வண்டி பசறைப் பக்கமாகப் போய்விட்டது. தமிழில் சொல்லவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, காரணம்தான் விளங்கவில்லை. மலை இறங்கும்போது எதற்காக வீட்டுக்குள் போகச் சொல்கிறார்கள்?

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மடுவத்துத் தண்ணீர்த் தாங்கியில் வாரத்துக்கு ஒரு தடவை நான் கரண்டியால் அளந்து போடும் குளோரின் தூளின் வாடை. என் கையில்தான் ஒட்டியிருக்கிறதோ என்று கையை முகர்ந்து பார்த்தேன்.

திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதிகாரியின் நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்தவுடனேயே கத்துகிற குரலில் பேசினார்.

"மிஸ், பசறை ரோட்ல லொறி ஒண்டு பெரண்டிருக்கு. தண்ணி சுத்தம் பண்ற குளோரின் கேஸ் சிலிண்டர். லீக் ஆகுது. ஒருத்தரையும் வெளியில விட வேணாம். கதவு ஜன்னல் எல்லாம் மூடி, ஈரத்துணி வச்சு அடைங்க. அது பாரமான கேஸ், கீழ எறங்கும். பள்ளத்துல தேங்கி நிக்கும்."

"சேர், எல்லாரும் கிரவுண்டுக்குப் போயிட்டாங்க."

"என்னத்துக்கு?"

"சைரன் அடிச்சிச்சு சேர்."

"எந்தக் கிரவுண்டு?"

"நீங்க காட்டுன கிரவுண்டுதான்."

"மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க மிஸ். காத்துக்குக் குறுக்கால, மேட்டுக்கு. நீங்க போக வேணாம், போன்ல சொல்லுங்க. நான் ஃபெக்டரிக்கு எடுத்து சைரன நிப்பாட்டச் சொல்றன்."

சைரன் ஏன் அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. லொறி புரண்ட செய்தி ஃபெக்டரிக்கு வந்ததும், ஆபத்து என்றால் அடி என்று எழுதி வைத்திருந்ததை அங்கிருந்தவர் செய்திருக்கிறார். தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு சைரன்.

மாமிக்கு எடுத்தேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில், சார்ஜில் போட்டிருந்த அவருடைய ஃபோன் எங்கள் காம்பராவுக்குள்ளேயே மணியடித்தது. பிறகு கங்காணிக்கு எடுத்தேன்.

"என்ன டீச்சர், எங்க இருக்கீங்க? நாங்க எல்லாரும் வரிசையா நிக்கிறோம். கொப்பி ஒங்ககிட்டதானே இருக்கு?"

"கங்காணி, அங்க நிக்காதீங்க. எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க. லொறி கவுந்து விஷக் காத்து வருது. அது பள்ளத்துலதான் தேங்குமாம்."

"மேலயா? மேல இருந்துதானே மண்ணு வரும்?"

"மண்ணு வரலங்க. இது வேற."

"சைரன் அடிக்குதே டீச்சர்."

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "டீச்சர் கம்பளிய போத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள இருக்கு. நம்மள மட்டும் ஏறு, எறங்குன்னு ஆட்டி வைக்குது." சிரிப்பு. அதற்கு மேல் மாமியின் குரல்: "ஏய், என் மருமகள ஒண்ணும் சொல்லாத. பேரு கூப்பிட வரும். வராம இருக்காது."

"கங்காணி, சாமி சத்தியமா சொல்றேன். கோயில் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மாமிகிட்ட சொல்லுங்க, நாங்க நல்லா..."

"என்னமோ வாடை அடிக்குதே," என்றார் அவர். இருமினார். லைன் அறுந்தது.

அந்த நேரத்தில் நான் ஓடிப் போயிருக்கலாம். இதை அன்றைக்கே யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். குறுக்குப் பாதையில் இறங்கினால் பத்து நிமிடம். மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வாடைக்குள் இறங்க முடியாது. தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. போக வேண்டாம் என்று அதிகாரியும் சொல்லியிருந்தார். நான் சொல்பேச்சுக் கேட்கிறவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி.

மாமியின் சேலைகள் இரண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்தேன். ஒன்றைத் திரித்துக் கதவின் அடியில் அழுத்தினேன். மற்றதைக் கிழித்து ஜன்னல் சட்டத்தின் ஓரமாக அடைத்தேன். மடுவத்துப் படங்கள் ஒட்ட வைத்திருந்த செலோடேப்பைக் கதவு இடுக்கில் மேலிருந்து கீழே ஒட்டினேன். ஈரத்தில் அது ஒட்டவில்லை, திரும்பத் திரும்ப ஒட்டினேன். அடுப்பை அணைத்தேன். மகளின் மூக்கில் ஈரத் துவாயை வைத்தேன், அவள் தட்டிவிட்டாள். நெஞ்சு விசில் அடிப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் வாடை குறைந்ததுபோல் இருந்தது. சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

சைரன் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது. கதவு தட்டப்பட்டது.

"அம்மாடி."

மாமி. குரல் அவருடையதுபோல் இல்லை. தொண்டைக்குள் மணல் கிடப்பதுபோல் இருந்தது.

"மாமி, நீங்க கோயில் மேட்டுக்குப் போகலயா?"

"எல்லாரும் போனாங்க. நீ பேரு கூப்பிட வரலியே. குட்டிக்கு என்னமோன்னு நெனச்சேன்." இருமல். "குட்டி இருக்காளா?"

"இருக்கா மாமி."

"தொற."

நான் மகளைப் பார்த்தேன். விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. கதவைப் பார்த்தேன். டேப், ஈரச் சேலை. கதவைத் திறந்தால் வெளியே இருப்பது உள்ளே வரும். மாமியின் உடுப்பிலும் வரும். இப்போதுதான் உள்ளே கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்க மாமி," என்றேன். உள்ளே உடை மாற்றிக்கொண்டு இருப்பவள் சொல்வதுபோல.

"சரி," என்றார் மாமி.

பிறகு விசாரிக்க வந்தவர்கள் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். உடனே திறந்தேன் என்றேன். கணவரிடம் ஒரு நிமிடம் என்றேன். அது ஒரு நிமிடம் இல்லை. மகளின் பம்பை இரண்டு தடவை அடித்தேன், அது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவில் டாக்டர் சொன்ன இடைவெளியையும் விட்டேன். வெளியே மாமி கதவில் முதுகைச் சாய்த்துச் சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவர் மறுபடி தட்டவில்லை.

அப்போது மேலேயிருந்து வாடை இறங்கியது.

எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. முக்கால்வாசியில் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரே நீளமான தகரம். ஒரு காம்பராவில் கருவாடு பொரித்தால் கடைசிக் காம்பராவரை தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பக்கத்து அக்கா வீட்டு ரேடியோவை அந்த இடைவெளி வழியாகத்தான் கேட்டு வந்தேன். மகள் அழும்போது அங்கிருந்து அக்கா தாலாட்டுப் பாடியிருக்கிறார். அது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்திருந்தும் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கதவு அகலத் திறந்து கிடந்தது. அந்த லயத்தில் எல்லாக் கதவுகளும் அப்படியேதான் கிடந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த இடைவெளியில் லேசான பச்சை மஞ்சளாக ஏதோ தெரிந்ததாக என் நினைவு. அப்படித் தெரியும் அளவுக்கு இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம் என்று அதிகாரி பின்னர் சொன்னார். இருக்கலாம். கண் எரிந்தது மட்டும் நிச்சயம்.

டேப்பைப் பிய்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன். மாமி உள்ளே மல்லாந்து விழுந்தார். உதடு நீலமாக இருந்தது. இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பக் கதவைச் சாத்தினேன், எதற்கு என்று தெரியாமல். அவருடைய மேல் உடுப்பைக் கழற்றி, முகத்திலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்றினேன். கட்டிலின் மேல் மேசையை ஏற்றி மகளை அதன் மேல் உட்கார வைத்தேன். உயரமாக வைக்க எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் அழுவதற்கும் மூச்சு இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முகமூடி போட்ட ஆட்கள் வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரே வண்டியில் மூன்று பேரும் போனோம். கோயில் மேட்டுக்கு ஏறியவர்களில் பலர் இருமலோடு தப்பினார்கள். கங்காணியும் இன்னும் சிலரும் வார்டில் இருந்தார்கள். மகளை மூன்று நாளில் விட்டார்கள். மாமிதான் பள்ளத்திலிருந்து வடிகால் கான் ஓரப் பாதையில், கேஸ் இறங்கி வந்த வழியாகவே ஏறி வந்தவர். அவரை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். நுரையீரல் வெந்த மாதிரி இருக்கிறது, பழையபடி ஆகாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். படித்தவள் என்பதால் என்னிடம் சொன்னாராம்.

அதிகாரி வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க மிஸ். வீட்டுக்குள்ள இருக்கணும், அடைக்கணும். அதான் முறை," என்றார்.

"எங்க வீட்டுக்குள்ள நீங்க வந்து பாத்திருக்கீங்களா சேர்?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் பார்த்ததில்லை, அதனால் அவருக்குத் தெரியாது. நான் அதற்குள் வாழ்கிறவள்.

மாமி இப்போது வேலைக்குப் போவதில்லை. ஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவார். போன மாதம் நான் அவருடைய தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீ... கொஞ்சம் தாமசமாத்தானே தொறந்த?"

சீப்பு நின்றுவிட்டது. "ஆமா மாமி."

"குட்டிக்காக."

"ஆமா."

"ம்," என்றார். பிறகு, "சிக்கு இருக்கு, பாத்து சீவு," என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவில்லை. நான் பேச வாயெடுத்தால் மகளைக் கூப்பிடுவார்.

கொழும்புக்கே வந்துவிடுங்கள் என்று கணவர் சொல்கிறார். அங்கே அவர் இருப்பது நான்கு பேரோடு ஒரு அறையில். புகையும் தூசும். மாமியால் அங்கே ஒரு வாரம் தாங்க முடியாது. எங்கள் காம்பராவுக்குச் சீலிங் அடித்துத் தாருங்கள், சுவரையாவது கூரைவரை உயர்த்துங்கள் என்று தோட்டத்து ஒஃபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு காம்பராவுக்கு மட்டும் செய்ய முடியாது, முழு லயத்துக்கும் செய்யத் திட்டம் வர வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான். திட்டம் வரவில்லை.

நானே உர சாக்குகளைக் கழுவிக் காயவைத்து, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஏணி வைத்து அடைத்தேன். அக்காவின் ரேடியோ சத்தம் குறைந்தது. இரண்டு மாதத்தில் சாக்குகளுக்குக் கீழே சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. மகளுக்கு இழுப்பு வாரத்துக்கு மூன்று நாள் வரத் தொடங்கியது, மாமிக்கு அதைவிட மோசம். கிளினிக்கில் டாக்டர் அம்மா கேட்டார், வீட்டில் காற்றோட்டம் எப்படி என்று. சொன்னேன். "அடைச்சு வைக்காதீங்க அம்மா. ரெண்டு நோயாளிங்க இருக்கிற வீடு. நல்லாத் தொறந்து விடுங்க," என்றார்.

அடுத்த லொறி வந்தால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்க முடியாது. அது அவருடைய வேலை இல்லை. பசறை ரோட்டில் லொறிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அதே வளைவில்.

நேற்று ஏணி வைத்து ஏறினேன். இரண்டு சாக்கை எடுத்தேன். மகள் கீழே நின்று இருமினாள். எடுத்ததால் தூசு விழுந்தா, எடுக்காமல் வைத்ததாலா என்று தெரியவில்லை. ஒன்றைத் திரும்ப வைத்தேன். பிறகு அதையும் எடுத்தேன். மீதியைக் கையில் பிடித்தபடி ஏணியிலேயே நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து மாமி, "எறங்கு அம்மாடி," என்றார். எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. நான் இறங்கியபோது அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.